மூண்டு வருஷ வொறன்ரி

இந்தக் கட்டுரையை எழுதுவதா விடுவதா என்று எங்களுக்குள் ரெண்டு கிழமை இழுபறி. ரீவி வாங்கிய கதையை எழுதினால் கடைக்காரரைத் திட்டலாம், கொம்பனியைத் திட்டலாம், வாசிக்கிறவையும் தங்கட அனுபவத்தைச் சேர்த்துத் திட்டுவினம். ஆனால் எங்கட கதையில் கடைக்காரரின் பிழை ஒரு பங்கு என்றால் எங்கட பிழை மூன்று பங்கு. அதனால்தான் இழுபறி. கடைசியில், ஊர்ப் பணத்தில் வாங்கிய சாமானுக்கு ஊருக்குக் கணக்குச் சொன்ன மாதிரி இங்கேயும் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தோம்.

வடமராட்சியில் எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையை நாங்கள் ஏழு பேர் சேர்ந்து நடத்துகிறோம். காலையில் பேப்பர் வாசிக்க வயது போனவை வருவினம். பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை இரவில் படம் போடுவோம். இதற்கெல்லாம் முன்பு இருந்தது ஒரு 21 அங்குல பழைய பெட்டி ரீவி. அதை யாரோ வெளிநாடு போகும்போது தந்துவிட்டுப் போனது. பதினைந்து வருஷத்துக்கு மேல் உழைத்தது. 2022 இல் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நாட்கள் இருந்தனவே, அந்தக் காலத்தில் ஒருநாள் கரண்ட் திரும்பி வந்த கையோடு உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு அது போய்விட்டது.

அடுத்த வருஷம் உலகக் கிண்ணக் கிரிக்கெட் வருகிறது என்றதும் புது ரீவிக்குக் காசு சேர்க்கத் தொடங்கினோம். 37 பேர் தந்தார்கள். கடலுக்குப் போகிற அண்ணாமார் ஆளுக்கு ஆயிரம். ஒடியல் மா விற்கிற ஒரு அம்மா ஐந்நூறு ரூபாத் தாளை நாலாக மடித்துத் தந்து, "தம்பியவை, நான் கிரிக்கெட் பாக்கிறேல்ல. நல்ல பழைய படம் ஒண்டு போடுங்கோ" என்றார். எங்களில் ஒருவரின் மாமா ரொறன்ரோவில் இருக்கிறார். அடுத்த முறை வரும்போது அங்கேயே ஒரு ரீவி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார். நல்ல வேளையாக விசாரித்தோம். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அங்கே விற்கிற ரீவிகள் பலவும் அந்த 120 க்கு மட்டுமே செய்தவை. அன்ரனா பிடிக்கிற முறையும் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே தந்த வொறன்ரி இங்கே செல்லாது. "மாமா, ரீவி வேண்டாம், காசாக அனுப்புங்கோ" என்றோம். அவர் 40,000 அனுப்பினார். எல்லாம் சேர்த்து 1,12,000 ரூபா.

2023 செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணம் ரவுணுக்கு ஏழு பேரும் போனோம். மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் ரெண்டு ரீவியில் வந்து நின்றோம். ஒன்று எல்லாருக்கும் தெரிந்த பெயர், 43 அங்குலம், 1,09,000. மற்றது நாங்கள் முன்பின் கேள்விப்படாத பெயர், 50 அங்குலம், 1,04,500. ரெண்டிலும் கடைக்காரர் ஒரே படத்தைப் போட்டுக் காட்டினார். மீன்கள் நீந்துகிற படம். 50 அங்குலத்தில் மீன் துள்ளி வெளியே விழும்போல இருந்தது.

எங்கட பொருளாளர் தங்கச்சி மட்டும் மீனைப் பார்க்கவில்லை. "அண்ணை, வொறன்ரி எப்பிடி?" என்று கேட்டாள்.

"ரெண்டுக்கும் மூண்டு வருஷம், தங்கச்சி. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

"மூண்டு வருஷமும் எல்லாத்துக்குமோ? இல்லாட்டிச் சேர்விஸ் மட்டுமோ?"

"எல்லாம் காட்டில கிடக்கு. வீட்டை போய் ஆறுதலா வாசியுங்கோ."

கார்ட்டை இப்பவே வாசிப்போம் என்றாள். பெட்டி உடைத்தால்தான் கார்ட் வரும், உடைத்தால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார் அவர். அப்போ தெரிந்த பெயரையே எடுப்போம், பழுதானால் இஞ்சை திருத்திற இடமாவது இருக்கு என்றாள். நாங்கள் ஆறு பேர் 50 அங்குலத்துக்குக் கை தூக்கினோம். பின்னால் இருக்கிற ஆச்சிமாருக்கும் தெரிய வேண்டாமா என்பது எங்கட வாதம். உண்மையில் மீன்தான் காரணம். இது முதலாவது பிழை.

மிச்சம் 7,500 ரூபா இருந்தது. மின்னல், கரண்ட் அடியிலிருந்து காக்கிற பிளக் கட்டை ஒன்று 2,500 க்கு வாங்குவோம் என்று அவள் சொன்னாள். நாங்கள் சுவரில் மாட்டுகிற சட்டமும் ஒரு ஸ்பீக்கரும் வாங்கினோம். பட்டாவில் ரீவியை ஏற்றி, ரெண்டு பேர் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டு வந்தோம். பில்லில் கடைக்காரர் பேனையால் மூன்று வருட வொறன்ரி என்று ஆங்கிலத்தில் எழுதி, சீலும் குத்தித் தந்திருந்தார்.

அன்று இரவே கார்ட்டை வாசித்திருக்க வேண்டும். நாங்கள் அதை வாசித்தது 13 மாதம் கழித்து.

அந்தப் 13 மாதமும் நல்லாகத்தான் போனது. உலகக் கிண்ணத்தில் மும்பையில் இந்தியாவோடு இலங்கை 55 ஓட்டத்துக்குச் சுருண்ட அன்று, ரீவி பழுதாகிவிட்டால் நல்லது என்று நாங்கள் வேண்டிக்கொண்டோம். அது பழுதாகவில்லை. ஒவ்வொரு விக்கெட்டையும் துல்லியமாகக் காட்டியது. ஒடியல் மா அம்மாவுக்காகச் சிவாஜி படங்கள் போட்டோம். சாதாரணதரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு விஞ்ஞான பாட வீடியோக்கள் போட்டோம்.

2024 ஆவணி மாதம், பதினோராவது மாதத்தில், திரையின் கீழ் இடது மூலையில் ஒரு நிழல் தெரிந்தது. உள்ளங்கை அளவு. வெள்ளைக் காட்சி வரும்போது மட்டும் அந்த இடம் மங்கலாக இருக்கும். பொருளாளர் தங்கச்சி அன்றைக்கே சொன்னாள். "இன்னும் ஒரு மாசம் கிடக்கு. கடைக்கு அடிச்சுச் சொல்லுவம்." நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "படம் தெரியுதுதானே." கழற்றிக் கொண்டுபோனால் ரெண்டு வெள்ளிக்கிழமை படம் நின்றுவிடும், பட்டா பிடிக்கக் காசு வேண்டும், கொழும்புக்கு அனுப்பினால் எப்ப வருமோ தெரியாது. காரணங்களுக்குக் குறைவில்லை. இது ரெண்டாவது பிழை.

ஐப்பசியில், வொறன்ரி வருஷம் முடிந்து மூன்று கிழமையில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. சத்தம் மட்டும் கேட்டது. இருட்டுக்குள் சிவாஜி தனியாகக் கதைத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை.

அந்த இரவுதான் கார்ட்டை எடுத்து வாசித்தோம். முழுக்க ஆங்கிலம், எறும்பு எழுத்து. ஒருவர் போன் வெளிச்சம் பிடிக்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் தமிழில் சொல்ல, ஏழு தலையும் ஒரு கார்ட்டுக்கு மேலே. முதல் 12 மாதம் பாகங்களும் கூலியும் இலவசம். மற்ற 24 மாதம் கூலி மட்டும் இலவசம், பாகங்களுக்கு நாங்கள் காசு கட்ட வேண்டும். மூண்டு வருஷ வொறன்ரியின் அர்த்தம் இதுதான். பிறகு எவையெல்லாம் இதற்குள் வராது என்று ஒரு பட்டியல். மின்னல். கரண்ட் கூடிக் குறைதல். வெள்ளம், ஈரம். எறும்பு, பல்லி, எலி. கொண்டுபோகும்போது படுகிற சேதம். வெளியாட்கள் திறந்து பார்த்தால் செல்லாது. எங்கட ஊரில் ஒரு ரீவி சாகக்கூடிய அத்தனை வழியும் அந்தப் பட்டியலில் இருந்தது. கடைசி வரிதான் எங்களை உலுக்கியது. வீட்டுப் பாவனைக்கு மட்டும். நிறுவனங்கள், பொது இடங்களில் பாவித்தால் வொறன்ரி இல்லை. எங்கட பில்லோ சனசமூக நிலையத்தின் பெயரில் இருந்தது.

அதாவது, அந்தக் கார்ட்டின்படி பார்த்தால் எங்களுக்கு முதல் நாளிலிருந்தே வொறன்ரி இருக்கவில்லை. கடைக்காரர் பெயரை எழுதும்போது "இது நிலையத்துக்கோ?" என்று கேட்டவர்தான். ஓம் என்றோம். அவரும் எழுதினார்.

கடைக்கு அடித்தோம். ஆளை அனுப்பினார்கள். வந்தவர் ரீவியைப் போட்டார், கறுப்பாக இருக்கிறதைப் பார்த்தார், "பனல் போட்டுது" என்றார். பனல் 68,000 ரூபா. கூலி இலவசம். கூலி இலவசம் என்று அவர் சொன்னபோது உதவி செய்கிற மாதிரித்தான் சொன்னார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு செய்யலாம் என்று தேடிப் பிடித்தோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான சபை அது. விற்ற பொருள் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றபடி இல்லாவிட்டால் முறைப்பாடு எழுதிக் கொடுக்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அடித்தும் கேட்கலாம். மாவட்டச் செயலகத்தில் இருக்கிற அவர்களின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். பில் இருக்கோ? இருக்கு. கார்ட் இருக்கோ? இருக்கு. "முதல் முதல் பழுதைக் கண்டது எப்ப, அதைக் கடைக்குச் சொன்னது எப்ப, சொன்னதுக்கு ஏதும் எழுத்தில இருக்கோ?"

முதலாவதுக்குப் பதில் இருந்தது. ஆவணி. மற்ற ரெண்டுக்கும் இல்லை. நாங்கள் ஆறு பேர் நிலத்தைப் பார்த்தோம். தங்கச்சி மட்டும் நேரே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒரு மாதத்துக்கு முந்தி ஒரு எஸ்.எம்.எஸ். போட்டிருந்தாலே போதும், கதை வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. பழுது முற்றிய நாள் முக்கியமில்லை. அதைச் சொன்ன நாள்தான் முக்கியம்.

பனல் மாற்ற 68,000 இல்லை. ரீவியைப் பழைய இரும்புக்குக் கொடுப்போமா என்று கதைத்துக்கொண்டிருந்தபோது, பேப்பர் வாசிக்க வருகிற ஒரு ஐயா, நெல்லியடியில் ரீவி திருத்துகிற ஒருவரைச் சொன்னார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல். தொண்ணூறுகளின் முதற்பாதியில், குடாநாட்டில் கரண்டே இல்லாத காலத்தில், சைக்கிள் டைனமோவில் றேடியோவை ஓடவைத்துக் கொடுத்துத் தொழில் பழகியவர்.

அவர் ரீவியைப் போட்டார். அறை லைற்றை நிறுத்தினார். ஒரு ரோச் லைற்றைத் திரைக்குக் கிட்டப் பிடித்தார். "இஞ்சை பாருங்கோ" என்றார். வெளிச்சம் விழுந்த இடத்தில் படம் மங்கலாக அசைந்தது.

"பனல் சுகமாக் கிடக்கு, தம்பியவை. பின்னால வெளிச்சம் குடுக்கிற லைற்றுதான் போட்டுது."

பிறகு அவர் விளங்கப்படுத்தினார். எல்.ஈ.டி. ரீவி என்று விற்கிறதில் படத்தை உருவாக்குவது எல்.சி.டி. திரை. அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் வரிசை வரிசையாக ஒட்டியிருக்கிற சின்னச் சின்ன எல்.ஈ.டி. லைற்றுகள்தான் வெளிச்சம் கொடுக்கும். அவை கல்யாண வீட்டு அலங்கார லைற் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தவை. ஒன்று எரிந்து அறுந்தால் அந்த வரிசையே இருண்டுவிடும். சில ரீவிகளில் ஒரு வரிசை போனாலே மொத்த வெளிச்சத்தையும் ரீவி தானே நிறுத்திவிடும். எங்கட மூலை நிழல் அந்த முதல் லைற் சாகத் தொடங்கிய அடையாளம்.

"இது எந்த மோட்டில ஓடினது?" என்று கேட்டார். எங்களுக்கு மோட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. றிமோட்டை வாங்கி அமத்திக் காட்டினார். கடை மோட். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பின் வெளிச்சத்தை முழு அளவில் வைக்கிற அமைப்பு. வீட்டில் அதைப் பாதிக்குக் குறைத்தாலே கண்ணுக்குப் போதும், லைற்றுகளும் சூடாகாமல் கனகாலம் நிற்கும். நாங்கள் 13 மாதமாக, நாளுக்கு ஆறு ஏழு மணித்தியாலம், அந்த மீனுக்காக வைத்த வெளிச்சத்திலேயே ரீவியை ஓட்டியிருக்கிறோம். இது மூன்றாவது பிழை.

லைற் பட்டிகள் 8,500, அவருடைய கூலி 3,000. மொத்தம் 11,500 ரூபா. திறக்கும்போது திரை வெடித்தால் தான் பொறுப்பில்லை என்று முதலே சொன்னார். அவரிடம் கார்ட் இல்லை, சீல் இல்லை. ஆனால் எது தன் பொறுப்பு, எது இல்லை என்று வேலை தொடங்க முன்னமே தமிழில் வாயால் சொன்னார். மூன்றாம் நாள் ரீவி வந்தது.

பழைய பெட்டி ரீவி பதினைந்து வருஷம் நின்றதே, இது ஒரு வருஷம் நிற்கவில்லையே என்று அவரிடம் குறைப்பட்டோம். அவர் சிரித்தார். "அதுவும் பழுதாகாம நிக்கேல்ல. பழுதாகப் பழுதாகத் திருத்தினனாங்கள். உங்கட பழைய பெட்டியை நானே நாலு தரம் திறந்தனான்." எங்களுக்கு அது தெரியாது. எங்கட ஞாபகத்தில் அது ஒருநாளும் பழுதாகாத ரீவி. ஒரு பொருள் எவ்வளவு உறுதி என்று நாங்கள் நினைப்பதில், அதைத் திருத்தத் தெரிந்த ஒரு ஆள் சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்தாரா என்பதும் சேர்ந்திருக்கிறது. தெரிந்த பெயரை வாங்குவோம் என்று தங்கச்சி சொன்னதன் அர்த்தமும் அதுதான். அவள் பெயருக்காகச் சொல்லவில்லை, பாகம் கிடைக்கும், திருத்த இடம் இருக்கும் என்பதற்காகச் சொன்னாள்.

மிச்ச வேலை ஊருக்குச் சொல்வது. 11,500 ஐ நிலையக் கணக்கில் எடுக்கவில்லை. ஏழு பேரும் போடுவோம் என்றபோது, தங்கச்சி தன் பங்கைத் தர மாட்டேன் என்றாள். நியாயம். ஆறு பேர் போட்டோம். நடந்தது முழுவதையும், எங்கட மூன்று பிழையோடு, ஒரு தாளில் எழுதி விளம்பரப் பலகையில் ஒட்டினோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் வாசித்தோம். ஒடியல் மா அம்மா முன்வரிசையில் இருந்தார். வாசித்து முடிய அவர் கேட்டது, "இப்ப படம் தெரியுதோ?" தெரியுது அம்மா என்றோம். "எழுதி ஒட்டினது நல்லது. ஆனா அந்தப் பிள்ளை சொல்லேக்கையே கேட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகு வாசிகசாலையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். எந்தச் சாமான், எந்தத் திகதி வாங்கியது, பாகத்துக்கு எத்தனை மாதம், கூலிக்கு எத்தனை மாதம், யார் பெயரில் பில், முதல் பழுது எப்போது கண்டோம், யாருக்கு எப்போது சொன்னோம். பில்லையும் கார்ட்டையும் போனில் படம் எடுத்தும் வைத்திருக்கிறோம். கடையில் தருகிற மெல்லிய பில்லின் எழுத்து ஒரு வருஷத்தில் வெளிறிவிடும் என்பதையும் இப்போதுதான் கண்டோம். பிளக் கட்டை வாங்கியாயிற்று. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கோடு டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றுகிறோம். மின்னல் அந்த வயராலும் வரும். பின் வெளிச்சம் இப்போது 50 இல் நிற்கிறது. ஆச்சிமாருக்குப் பின்வரிசையிலும் தெரிகிறது.

கொப்பியைக் கண்ட சனம் தங்கட கார்ட்டுகளையும் கொண்டுவரத் தொடங்கியிருக்கினம். பிறிஜ், மோட்டர், போன். சனிக்கிழமை பின்னேரம் தங்கச்சி மேசையில் இருந்து வாசித்துச் சொல்லுவாள். போன கிழமை ஒரு அக்கா பிறிஜ் கார்ட் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தா. பிரான்சில் இருக்கிற மகன் காசு அனுப்பி வாங்கினது. கொஞ்ச நாளாகக் கீழ்த்தட்டு குளிரவில்லையாம், ஆனால் மேலே ஐஸ் பிடிக்குதுதானே என்று விட்டுவிட்டாவாம்.

தங்கச்சி திகதியைப் பார்த்தாள். இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அக்காவின் போனை வாங்கி, அவ கதிரையில் இருந்து எழும்ப முந்தியே கடைக்கு அடித்தாள். முறைப்பாட்டு இலக்கம் தாருங்கோ என்று கேட்டு வாங்கி, கொப்பியில் எழுதினாள்.